ஆலைக் கழிவும் ஆலைத் தொழிலாளியும்: மினமாட்டா சொல்லும் கதை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் காலத்துப் பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போடுகின்றன. வரவு செலவுப் புத்தகத்தைச் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் பொறுப்பு என்று தலைப்பிட்ட புத்தகம். அட்டையில் ஒரு பச்சை இலை இருக்கும்; சிரிக்கிற குழந்தை ஒன்று இருக்கும். எத்தனை மரக்கன்று நட்டோம், எவ்வளவு தண்ணீரைச் சுத்தம் செய்தோம் என்று உள்ளே கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு முழுவதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமும் ஜனங்களின் கிளர்ச்சியும் சேர்ந்து முதலாளிகளைச் சில நல்ல காரியங்களையும் செய்ய வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் பொறுப்பை அளக்க வேண்டுமானால் அது தன்னைப் பற்றித் தானே எழுதிய புத்தகத்தை வைத்து அளக்கக் கூடாது. அதன் கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறதோ, அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு குழாயின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இது நடந்தது ஜப்பானில். ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் ஆலைத் தொழிலாளர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறு பக்கம் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதையைக் கேட்டபின் அது எவ்வளவு தூரத்துக் கதை என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

ஜப்பானின் தெற்கே கியூஷு என்றொரு தீவு. அதன் மேற்குக் கரையில், குமமோட்டோ ஜில்லாவில், மினமாட்டா என்ற சிற்றூர். முன்னால் அமைதியான உள்கடல். அலை அதிகமில்லை, மீன் அதிகம். கரை நெடுகிலும் சிறுபடகு வைத்துப் பிழைக்கும் செம்படவர் குடும்பங்கள். அந்த ஊருக்கு 1908-ல் நொகுச்சி என்ற முதலாளி ஒரு கார்பைடு ஆலையைக் கொண்டு வந்தார். அதுவே வளர்ந்து, சிஸ்ஸோ என்று பெயர் பெற்ற பெரிய ரசாயனக் கம்பெனியாயிற்று. ஜப்பானிய ஏகாதிபத்தியம் கொரியாவை அடக்கி ஆண்ட நாளில் அங்கேயும் பிரம்மாண்டமான ஆலைகளைக் கட்டி லாபம் குவித்த கம்பெனி இது. 1945-ல் யுத்தம் தோற்றதும் கொரியாவிலிருந்த சொத்தெல்லாம் கைவிட்டுப் போயிற்று. மினமாட்டா ஆலைதான் மிஞ்சியது.

ஊர் முழுவதும் கம்பெனியின் கைக்குள் இருந்தது. கடைக்காரனின் வியாபாரம் ஆலையை நம்பியிருந்தது, நகரசபையின் வருமானம் ஆலையை நம்பியிருந்தது, ஆஸ்பத்திரியும் ஆலையுடையது. ஆலையின் முன்னாள் மானேஜர் ஒருவர் நீண்ட காலம் அந்த ஊரின் மேயராகவே இருந்தார். விஷக் கழிவைக் கக்கிய உற்பத்தி முறையை அந்த ஆலைக்கு உருவாக்கித் தந்தவரும் அவரேதான்! கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன் என்றால் ஊரில் தனி மதிப்பு. செம்படவனுக்கு அந்த மதிப்பு கிடையாது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கழிவுத் தகராறு புதிதாக முளைத்ததல்ல. மீன்வளம் கெடுகிறது என்று செம்படவர்கள் 1920-களிலேயே முறையிட்டார்கள். 1926-ல் கம்பெனி அவர்கள் சங்கத்துக்கு 1,500 யென் கொடுத்தது. நஷ்டஈடு என்று சொல்லவில்லை. அனுதாபப் பணம் என்றது. இனி என்றைக்கும் இதுபற்றிப் புகார் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. கொடுத்தது கொஞ்சம், வாங்கியது வாயை!

1932-ல் ஆலையில் அசிட்டால்டிஹைடு என்ற சரக்கின் உற்பத்தி துவங்கியது. பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிளாஸ்டிக் முதலிய பல பண்டங்களுக்கு அது அடிப்படை. அதைச் செய்வதற்குப் பாதரசம் வேண்டும். பாலைத் தயிராக்க உறைமோர் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதி தொட்டிக்குள்ளேயே மெத்தில் பாதரசம் என்ற கொடிய விஷமாக மாறியது. அது கழிவோடு சேர்ந்து மினமாட்டா வளைகுடாவில் போய் விழுந்தது. கடலில் இருக்கும் நுண்ணுயிரில் அது ஏறியது. அதைத் தின்ற சிறு மீனில் சேர்ந்தது. சிறு மீனைத் தின்ற பெரிய மீனில் இன்னும் அதிகமாகச் சேர்ந்தது. மேலே போகப் போக விஷம் திரண்டுகொண்டே போனது. கடைசியில் மீனைத் தின்ற பூனை, காக்கை, மனிதன். இந்த விஷம் போய்த் தாக்குவது மூளையையும் நரம்பையும்.

யுத்தத்துக்குப் பின் உற்பத்தி வேகமாகப் பெருகியது. 1950-களின் துவக்கத்தில் கரையோரக் கிராமங்களில் விபரீதங்கள் தெரிந்தன. மீன்கள் செத்து மிதந்தன. பறக்கிற காக்கைகள் பொத்தென்று விழுந்தன. பூனைகள் வெறி கொண்டு சுழன்று சுழன்று ஆடி, கடலில் விழுந்து செத்தன. பூனை ஆட்ட நோய் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பூனைகள் அழிந்த பிறகு எலிகள் பெருகி வலைகளைக் கடித்தன.

பிறகு முறை மனிதர்களுக்கு வந்தது. 1956 ஏப்ரலில் 5 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, கைகால் வெட்டி இழுக்கிறது. சில நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே நிலை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியே. ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ஹோசோகாவா என்பவர், காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். அந்தத் தேதி 1956 மே 1. தோழர்களே, நமக்கெல்லாம் மேதினம். அந்த ஊருக்கு அன்று முதல் அது வேறொரு நாளாகவும் ஆயிற்று.

தொற்று நோயோ என்று பயந்து, நோயாளிகள் வீட்டை ஊர் ஒதுக்கி வைத்தது. சுகாதாரச் சிப்பந்திகள் வந்து வீட்டுக்கு மருந்து தெளித்துவிட்டுப் போனார்கள். கடையில் அவர்கள் கைக்காசை வாங்கவும் தயங்கினார்கள். செம்படவனுக்கோ மீனைத் தவிர வேறு சோறு ஏது? விஷத்தைத் தின்றுதான் பசியாற வேண்டியிருந்தது.

குமமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1956 கடைசியிலேயே இது தொற்று நோயல்ல, வளைகுடா மீன் வழியாக வரும் ஒரு உலோக விஷம் என்று சொல்லிவிட்டார்கள். ஜில்லா நிர்வாகம் மீன் பிடிப்பதையும் விற்பதையும் சட்டப்படி தடுக்கலாமா என்று 1957-ல் மத்திய சர்க்காரைக் கேட்டது. வந்த பதில் என்ன தெரியுமா? வளைகுடாவிலுள்ள எல்லா மீனும் விஷம் என்பதற்குத் தெளிவான ஆதாரமில்லை. ஆகவே சட்டம் பொருந்தாது! ஒவ்வொரு மீனையும் பிடித்து விசாரித்து முடித்த பிறகுதான் சட்டம் அசையும் போலிருக்கிறது.

இனி கம்பெனி தன் பொறுப்பை எப்படி நிர்வகித்தது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். இதுதான் இன்றைய பேச்சின் உயிர்.

1958 செப்டம்பரில் கழிவு விழும் இடத்தை மாற்றியது. வளைகுடாவுக்குப் பதிலாக மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் விட்டது. விளைவு? அடுத்த ஆண்டு ஆற்றுமுகத்திலும் அதற்கு வடக்கே உள்ள ஊர்களிலும் புது நோயாளிகள் தோன்றினார்கள். ஒரு வளைகுடாவில் இருந்த விஷத்தைக் கடல் முழுவதற்கும் பங்கு வைத்தார்கள்.

1959 ஜூலையில் பல்கலைக்கழகத்தார், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். உடனே வேறு விளக்கங்கள் கிளம்பின. யுத்தக் காலத்தில் கடற்படை கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்றார் ரசாயன முதலாளிகள் சங்கத்தின் பிரமுகர் ஒருவர். அழுகிய மீனின் சத்து விஷமாயிற்று என்று தோக்கியோவிலிருந்து ஒரு பேராசிரியர் சொன்னார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. படித்தவர்களே இப்படி மாறி மாறிச் சொல்லும்போது நமக்கென்ன தெரியும் என்று ஜனங்கள் குழம்பினார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அந்தக் குழப்பம்தான். வழக்கை ஜெயிக்க வேண்டியதில்லை; வாய்தா கிடைத்தால் போதும். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு வருஷ உற்பத்தி.

கம்பெனிக்கே உண்மை தெரியாது என்று நினைக்காதீர்கள். டாக்டர் ஹோசோகாவா தாமே பூனைகளை வைத்துச் சோதனை செய்து வந்தார். ஆலையின் அசிட்டால்டிஹைடுக் கழிவை நேரடியாக உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400-ஆம் எண் பூனை என்று உலகமே இன்று அறியும். 1959 அக்டோபரில் அந்தப் பூனை தள்ளாடியது, வெட்டி இழுத்தது, சுழன்று ஆடியது. கிராமத்துப் பூனைகள் ஆடிய அதே ஆட்டம். டாக்டர் நிர்வாகத்திடம் சொன்னார். நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. மேற்கொண்டு அப்படிச் சோதனை செய்வதையும் தடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையென்றால் இதுதான். ஹோசோகாவா அன்று ஊரறியச் சொல்லவில்லை. 1970-ல், புற்றுநோயால் மரணப் படுக்கையில் கிடந்தபோதுதான் கோர்ட்டாரிடம் இதைச் சாட்சியமாகச் சொன்னார். அந்த ஆண்டிலேயே காலமானார். அவர் நல்லவரா, கோழையா என்று பலர் விவாதித்திருக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் ருசியில்லை. நல்ல மனிதன் ஒருவனின் வாயைக்கூடச் சம்பளம் பத்து வருஷம் பூட்டிவைக்கும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

1959 டிசம்பரில் சைக்கிளேட்டர் என்ற சுத்திகரிப்பு யந்திரம் திறக்கப்பட்டது. பெரிய மனிதர்கள் கூடினார்கள். கம்பெனித் தலைவர் யோஷியோகா எல்லோர் முன்னிலையிலும், சுத்தம் செய்த தண்ணீர் என்று ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துக் காட்டினார். ஜனங்கள் நம்பினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று தலைநகரத்திலும் நம்பினார்கள். கரைந்திருக்கும் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக அந்த யந்திரம் அமைக்கப்படவே இல்லை என்பது பின்னால் வெளியாயிற்று. விஷம் தொடர்ந்து ஓடியது. இன்றைக்குப் பச்சை இலை போட்ட புத்தகம் என்றேனே, அதற்குத் தாத்தா அந்த ஒரு தம்ளர் தண்ணீர்.

அதே மாதத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் ஆலை வாசலில் குளிரில் உட்கார்ந்து நஷ்டஈடு கேட்டார்கள். டிசம்பர் 30-ல் ஒப்பந்தம் ஆயிற்று. மறுபடியும் அனுதாபப் பணம்தான். இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடிருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம். குழந்தைக்கு 30,000. அதற்குள் ஒரு ஷரத்தைச் செருகினார்கள்: நோய்க்கு ஆலைக் கழிவே காரணம் என்று பிற்காலத்தில் நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. பூனையின் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள், தோழர்களே! கும்பி காய்கிறவன் ஷரத்தைப் படித்தா கையெழுத்துப் போடுவான்?

இந்த இடத்தில் ஆலைத் தொழிலாளர் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன்.

1959 நவம்பர் 2-ல் செம்படவர்கள் ஆத்திரம் தாங்காமல் ஆலைக்குள் புகுந்து உடைத்தார்கள். தொழிற்சங்கம் அவர்களைக் கண்டித்தது. அதோடு நிற்கவில்லை. கழிவை நிறுத்தினால் ஆலை மூடப்படும், ஊர் அழியும் என்று சொல்லி, கழிவு வெளியேறுவதை நிறுத்தக் கூடாதென்று கவர்னரிடம் மகஜர் கொடுக்க மேயரோடும் வியாபாரிகளோடும் சேர்ந்து தொழிற்சங்கமும் போயிற்று. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆனால் அவர்களும் அதே கடலின் மீனைத்தான் தின்றார்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலும் நோயாளிகள் இருந்தார்கள். வேலையா, உயிரா என்று முதலாளி ஒரு கேள்வியை வைத்தான்; அந்தக் கேள்வியை அப்படியே ஏற்றுக் கொண்டதுதான் அவர்கள் வழுக்கிய இடம். விஷமில்லாமல் வேலை கொடு என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வருஷத்தில் அந்தத் தொழிலாளருக்கும் பாடம் வந்து சேர்ந்தது. 1962-ல் கம்பெனி ஒரு திட்டம் நீட்டியது. இத்தனை வருஷத்துக்குச் சம்பள உயர்வை இப்போதே நிச்சயித்து விடுகிறோம், பதிலுக்கு வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்றது. சங்கம் மறுத்தது, போராட்டம் மூண்டது. கம்பெனி கதவடைப்புச் செய்தது. சங்கத்தைப் பிளந்து தனக்கு வேண்டிய இரண்டாவது சங்கத்தை உண்டாக்கியது. அண்ணன் ஒரு சங்கம், தம்பி ஒரு சங்கம் என்று ஊரே பிளந்தது. அடுத்த ஆண்டுத் துவக்கத்தில் போராட்டம் முடிந்தபின், முதல் சங்கத்தில் உறுதியாக நின்றவர்களைத் தேர்ச்சி பெற்ற வேலையிலிருந்து எடுத்துப் புல் பிடுங்கும் வேலைக்கு அனுப்பினார்கள். செம்படவனிடம் நேற்று நடந்துகொண்ட கை, இன்று தங்கள் கழுத்தில் இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

1968 ஆகஸ்டில் அந்த முதல் சங்கம் தன் மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டது. ஜப்பானில் அதை வெட்கப் பிரகடனம் என்று சொல்கிறார்கள். மினமாட்டா நோயை எதிர்த்து இதுவரை நாம் போராடவில்லை, மனிதர்கள் என்ற முறையிலும் தொழிலாளர்கள் என்ற முறையிலும் இதற்காக வெட்கப்படுகிறோம், இனிப் போராடுவோம் என்பது அதன் சாரம். எத்தனையோ சங்கத் தீர்மானங்களை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலும் எதிரியைக் கண்டிப்பவை. தன்னைத் தானே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட தீர்மானம் அபூர்வம். வெறும் காகிதமாகவும் அது போகவில்லை. டிரம்களில் அடைத்த பாதரசக் கழிவைக் கம்பெனி கொரியாவுக்கு ஏற்றிவிடப் பார்த்தபோது சங்கம் அதை அம்பலப்படுத்தித் தடுத்தது. 1970 மே 27-ல் இந்தப் பிரச்சினைக்காகவே 8 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தது. கூலிக்காக அல்ல, போனசுக்காக அல்ல. அடுத்த தெருவில் முடங்கிக் கிடக்கும் செம்படவனுக்காக. பிறகு நோயாளிகள் வழக்குப் போட்டபோது தொழிலாளர்கள் சாட்சிக்கூண்டில் ஏறினார்கள். குழாய் எங்கே போகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆலைக்குள் நிற்பவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

இதற்கிடையே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். தாய்க்கு அதிகம் நோய் தெரியாமலே, கருவிலேயே விஷம் ஏறிப் பிறந்த 16 குழந்தைகளை 1962-ல் மினமாட்டா நோயாளிகள் என்று அங்கீகரித்தார்கள். பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியத் தாய்மார் வழக்கம். அந்தக் கொடிகளைச் சோதித்தபோது அவற்றிலும் பாதரசம் இருந்தது. 1965-ல் நீகாட்டா என்ற இன்னொரு ஜில்லாவில், ஷோவா டென்கோ என்ற கம்பெனியின் கழிவால் இதே நோய் வெடித்தது. முதல் ஊரில் உண்மையை மூடியதற்கு இரண்டாவது ஊர் விலை கொடுத்தது.

மினமாட்டாவில் அந்த உற்பத்தி 1968 மே மாதம் நின்றது. மனசாட்சி விழித்ததாலா? இல்லை, பெட்ரோலியத்திலிருந்து மலிவாகச் செய்யும் புது முறை வந்துவிட்டது, பழைய யந்திரம் லாபமில்லை. அது நின்று நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26-ல், ஆலைக் கழிவே காரணம் என்று சர்க்கார் அறிவித்தது. டாக்டர் அறிவித்து 12 வருஷம் ஆகியிருந்தது.

1969-ல் போட்ட வழக்கில் 1973 மார்ச் 20-ல் தீர்ப்பு வந்தது. பாதரசம் இப்படி மாறும் என்று எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்றது கம்பெனி. ஆபத்தான கழிவை வெளியே விடுகிறவன் அதைச் சோதிக்கக் கடமைப்பட்டவன், சந்தேகம் வந்தால் நிறுத்தக் கடமைப்பட்டவன் என்றது கோர்ட். அந்த அனுதாப ஒப்பந்தத்தையும் நியாயத்துக்கு விரோதமானதென்று செல்லாததாக்கியது. நோயாளிகள் கோர்ட்டோடு நிற்காமல் கம்பெனித் தலைமையை நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசி, ஆயுள்கால மருத்துவச் செலவையும் சேர்த்து வாங்கினார்கள். தலைவர் யோஷியோகாவுக்கும் முன்னாள் ஆலை மானேஜருக்கும் இரண்டு வருஷத் தண்டனை 1988-ல் சுப்ரீம் கோர்ட்டில் உறுதியாயிற்று. ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒருவரும் ஒருநாளும் அதற்காகச் சிறைக்குப் போகவில்லை.

கம்பெனியிடம் பணம் தீர்ந்து போகும் நிலை வந்ததும், 1978 முதல் ஜில்லா நிர்வாகம் கடன்பத்திரம் வெளியிட்டுக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது. லாபம் வந்தபோது பங்குதாரருடையது. நஷ்டஈடு என்று வந்தபோது வரிகொடுப்பவர் தோளில்! வளைகுடாவின் அடியில் கிடந்த விஷச் சேற்றில் சுமார் 15 லட்சம் கன மீட்டரை அள்ளவும் மூடவும் 1977 முதல் 1990 வரை வேலை நடந்தது. செலவு 4,850 கோடி யென் அளவில். விஷ மீன் வெளியே போகாமலிருக்க 1974-ல் வளைகுடா வாயில் கட்டிய வலையை 1997-ல்தான் அவிழ்த்தார்கள். 2011-ல் சிஸ்ஸோ தன் வியாபாரத்தை வேறு பெயரில் ஒரு துணைக் கம்பெனிக்கு மாற்றியது. பழைய பெயர் நஷ்டஈடு கொடுப்பதற்கு. புதுப் பெயர் சரக்கு விற்பதற்கு.

பாதரசம் நம் நாட்டுக்கும் அந்நியமல்ல. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1983 முதல் நம் கொடைக்கானல் மலையில் ஓடியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனி வசமாயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001-ல் ஊர் ஜனங்களும் அமைப்புகளும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளரின் உடல்கேட்டுக்குப் பாதரசம் காரணமல்ல என்று கம்பெனி சாதித்தது. ஆனாலும் 2016-ல் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் அவர்களும் வாய்தாவிலேயே கழித்தார்கள்.

மினமாட்டாவின் பெயரில் 2013-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தமே கையெழுத்தாயிற்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்த அது பயன்படுகிறது, நல்லதுதான். ஆனால் நோயாளிகளின் வழக்கு அத்தோடு ஓயவில்லை. சட்டப்படி நோயாளிகள் என்று அங்கீகாரம் பெற்றவர்கள் 2,300 பேருக்கும் குறைவு. நிவாரணம் மட்டும் பெற்றவர்கள் பல பத்தாயிரம் பேர். அதிலும் விடுபட்டவர்கள் வழக்குப் போட்டு, 2023 செப்டம்பரில் ஒஸாகா கோர்ட்டில் 128 பேர் ஜெயித்தார்கள்.

2024 மே 1. நோய் அறிவிக்கப்பட்ட 68-ஆம் நினைவு நாள். சுற்றுச்சூழல் மந்திரி மினமாட்டாவுக்கு வந்து நோயாளிகளின் அமைப்புகளோடு உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் பேச 3 நிமிஷம் என்று அதிகாரிகள் நிர்ணயித்திருந்தார்கள். முதியவர் ஒருவர், நோயோடு போராடி இறந்த தம் மனைவியைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தார். 3 நிமிஷம் முடிந்தது. அதிகாரிகள் மைக்கை அணைத்துவிட்டார்கள். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. ஒரு வாரம் கழித்து மந்திரி அதே ஊருக்குத் திரும்பி வந்து, அந்த முதியவரின் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.